ஜீப் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும்

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இரத்தம் எப்படி எடுப்பது, எந்தக் குளிரில் வைப்பது, எந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது, எல்லாம். நல்லது. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நோயுள்ள வீட்டுக்குப் போகும்போது ஜீப்பை அந்தத் தெருவுக்குள் கொண்டு போகாதீர்கள். இதைச் சொல்லவா இந்தக் கிழவியைக் கூப்பிட்டு எழுதச் சொன்னோம் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பேராசிரியர் இரண்டு நோய்களின் பின்னால் அலைந்தவர். ஒன்று, மார்பிலும் வயிற்றிலும் வரும் கேன்சர். இன்னொன்று, கை கால் நடுங்கி உடம்பு மரக்கட்டையாக இறுகும் பார்க்கின்சன். இந்த இரண்டும் சில குடும்பங்களில் மட்டும் ஏன் தலைமுறை தலைமுறையாக இறங்குகின்றன என்பது அவர் கேள்வி. மதுரையிலிருந்து கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று வீடு வீடாகப் போவோம். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை ஓரமாக ஜீப்பை நிறுத்திவிட்டு வேட்டி சட்டையோடு நடப்பார். கையில் ஒரு மஞ்சள் பை. பையின் வாயில் வாழைப்பழச் சீப்பு எட்டிப் பார்க்கும். அடியில் ஊசியும் குப்பிகளும் ஐஸ் போட்ட பிளாஸ்கும் இருக்கும். தெருவில் யாராவது கேட்டால், தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்தோம் என்பார்.

எனக்கு எரிச்சலாக வரும். மே மாத வெயிலில் ஒரு மைல் நடந்தால் பிளாஸ்கில் ஐஸ் எங்கே மிஞ்சும்? ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஜீப்புக் கதவுல மருத்துவ ஆராய்ச்சின்னு எழுதியிருக்கும்மா. அந்த எழுத்த நாம மறந்துட்டோம். தெருவு மறக்காது" என்றார். அவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் அவருக்கு முழங்கால் போய், ஊர் ஊராகப் போகும் வேலை என் கைக்கு வந்தது. முதல் வேலையாக நான் செய்தது என்ன தெரியுமா? ஜீப்பை நேரே வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. நோய் என்ன திருட்டா, ஒளித்து வைக்க? அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். அப்போது எனக்கு வயது முப்பது. முனைவர் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

அப்படி நான் ஜீப்பை நிறுத்திய வீடுகளில் ஒன்று வேலம்மாளுடையது. ராஜபாளையத்தில் மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு தெருவில், ஓடு போட்ட சிறிய வீடு. வேலம்மாள் இருபது வருடமாக நூல் மில்லில் கழிவுப் பஞ்சு எடை போடுகிற வேலை பார்த்தவள். கணவர் இறந்துவிட்டார். அவர் அவளுடைய சொந்தத் தாய்மாமன். தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பது அந்தப் பக்கத்தில் உரிமை. கொடுக்காவிட்டால்தான் சண்டை.

பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் முருகேசன் அதே மில்லில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தவன். இருபத்தைந்து வயதில் விரல் இறுகத் தொடங்கி, இருபத்தெட்டில் வேலையை விட்டு நின்றுவிட்டான். பார்க்கின்சன் என்றால் கிழவர்களுக்கு வருவது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இவனுக்குக் காலையில் தூங்கி எழும்போது ஒன்றுமே இருக்காது, பல் தேய்ப்பான், பேசிச் சிரிப்பான். மதியத்துக்குள் கட்டிலோடு கட்டிலாக இறுகிவிடுவான். மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் நெகிழும். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போய்க்கொண்டிருந்த இளையவன் செல்வத்துக்கும் அப்போதுதான் இடது கால் இழுக்கத் தொடங்கியிருந்தது. கடைசிப் பெண் மாரியம்மாள். இருபது வயது, வாயாடி. அவளுக்கு ஒன்றுமில்லை.

வேலம்மாளின் தம்பி கருப்பசாமி வன்னியம்பட்டியில் நிலம் வைத்திருந்தான். மாரியம்மாள் அவனுக்கு என்று அவள் பிறந்தபோதே பேசி வைத்தது. அவனும் வாரம் தவறாமல் சைக்கிளில் வருவான். முருகேசனைக் குளிப்பாட்டிவிடுவான். போகும்போது மாரியம்மாளைப் பார்த்து, "ஏட்டி, காபில சீனி போட்டியா, உப்பு போட்டியா?" என்று வம்பிழுத்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவான். வீட்டில் எல்லாருடைய இரத்தமும் எடுத்தோம். அவனும் சட்டைக் கையை மடக்கிவிட்டு நீட்டினான்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ போனபோது வேலம்மாள் என்னைத் தனியே அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா, தை மாசம் மாரியத் தம்பிக்கு முடிக்கலாம்னு இருக்கோம். அதுகளுக்குப் பிள்ள பொறந்தா, பையங்களுக்கு வந்தது வருமா?"

நான் டாக்டரம்மா இல்லை. வைத்தியம் படித்தவள் இல்லை. அந்தத் தெருவில் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டார்கள், நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு விடை அன்று யாரிடமும் இல்லை. நோய்க்குக் காரணமான ஜீன் எது என்றே உலகத்தில் யாருக்கும் தெரியாது. இது அப்பா வழியில் ஒரு பழுது, அம்மா வழியில் அதே பழுது, இரண்டும் ஒரு பிள்ளையிடம் வந்து சேர்ந்தால்தான் வருகிற நோய் என்பது மட்டும் ஓரளவு தெளிவாகியிருந்தது. பழுது ஒன்றுதான் இருந்தால் ஆளை ஒன்றும் செய்யாது. வம்ச வரைபடத்தை வைத்து நான் முன்பே கணக்குப் போட்டிருந்தேன். மாரியம்மாளுக்கும் கருப்பசாமிக்கும் பிறக்கும் ஒரு பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று.

அதைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டில் ஒன்று என்றால் இவர்கள் அலட்சியமாக விட்டுவிடுவார்கள், இவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இருபது வருடம் தராசு முன்னால் உட்கார்ந்தவளுக்குப் புரியாதாம், எனக்குப் புரியுமாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"வரும். சொந்தத்துல குடுக்காதீங்க" என்றேன்.

வேலம்மாள் எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்து அணைத்தாள். பிறகு, "நான் சொன்னா தம்பி கேக்க மாட்டான். ஒரு சீட்டுல எழுதித் தந்துருங்க" என்றாள்.

எழுதினேன். ஆய்வுக்கூடத்தின் பெயர் அச்சடித்த தாளில், மாரியம்மாளைச் சொந்தத்தில் கட்டிக் கொடுக்க வேண்டாம், பிறக்கிற பிள்ளைகளுக்கு அண்ணன்மாருக்கு வந்த நோய் வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்போடு ஜீப்பில் ஏறினேன்.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கேன்சர் நோயாளிகளின் குடும்ப விவரம் எழுதிக்கொண்டிருந்தபோது கருப்பசாமி வந்து நின்றான். சட்டையெல்லாம் வியர்வை. சைக்கிளை மிதித்தே வந்திருக்கிறான்.

"அக்கா சீட்டக் காமிச்சாவ. நான் ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. எங்களுக்குப் பிள்ளையே வேண்டாம். நான் ஆபரேசன் பண்ணிக்கிடுதேன். அவளக் கட்டிக்கிடலாம்லா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அக்கா கேப்பாவ."

நான் என்ன செய்தேன்? கையிலிருந்த பேனாவைக்கூட மூடி வைக்கவில்லை. இப்போது இப்படித்தான் பேசுவீர்கள், நாலு வருடம் கழித்து ஊர் பேசும், பிறகு வருத்தப்படுவீர்கள் என்று பாடம் நடத்தினேன்.

"அம்புட்டுதானா?" என்று கேட்டான்.

"அவ்வளவுதான்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த வருடம் முடிவதற்குள் வேறு இடத்தில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. வேலம்மாளே முன்னால் நின்று நடத்தி வைத்தாள். மாரியம்மாள் அந்தக் கல்யாணத்துக்கு வன்னியம்பட்டிக்குப் போகவில்லை, அண்ணன்மாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அந்நியத்தில் மாப்பிள்ளை தேடினார்கள். ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பையன் வந்து பார்த்தான், அவனுக்குப் பிடித்துவிட்டது. அண்ணன்மாருக்கு வாத நோய் என்று சொல்லியிருந்தார்கள், பையன் வீட்டார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூ வைக்க நாள் பார்த்தாயிற்று. நிச்சயத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம், தெரியுமல்லவா? பையனின் தாய்மாமன் வந்து தெருமுனைக் கடையில் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே விசாரித்திருக்கிறார். கடைக்காரர் நல்ல மனிதர், கெடுதல் எதுவும் சொல்லவில்லை. "தங்கமான பிள்ள. அண்ணன்மாரப் பாக்கத்தான் மதுரைல இருந்து ஆராய்ச்சி ஜீப்பு மாசா மாசம் வரும், அந்த வீட்டுல எல்லார் ரத்தத்தையும் எடுத்துட்டுப் போவாவ" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஆலங்குளத்திலிருந்து ஆள் வந்து, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இதை எனக்குச் சொன்னது மாரியம்மாள்தான். கோபமே இல்லாமல், ஜீப்பின் பின்பக்கத்தில் நான் பிளாஸ்கை ஏற்றும்போது கூடவே ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு சொன்னாள். அதற்குப் பிறகுதான் நான் ஜீப்பைப் பஸ் ஸ்டாண்டில் விட ஆரம்பித்தேன். என்ன பிரயோசனம்? அந்தத் தெருவுக்கு என் முகமே போதும் என்று ஆகியிருந்தது. அதற்குப் பின் இரண்டு வரன்கள் வந்தன, இரண்டும் தெருமுனையோடு திரும்பிப் போயின.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கேள்வித்தாளில் கேன்சர் பற்றியும் ஒரு பகுதியைச் சேர்த்தோம். வேலம்மாளிடமும் உட்கார்ந்து கேட்டேன். இரத்த சம்பந்தமுள்ள யாருக்காவது மார்பில் கட்டி வந்ததுண்டா? உங்களுக்கு?

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றாள், முந்தானையை இழுத்து நன்றாகப் போர்த்திக்கொண்டு.

இல்லை என்று எழுதினேன். அந்தத் தாள் இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள். என் கையெழுத்தில் "இல்லை" என்று தெளிவாக இருக்கும். அன்றைக்கு அவள் மார்பில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி இருந்தது.

எட்டு மாதம் கழித்து மாரியம்மாள் மதுரைக்கே தேடி வந்தாள். அம்மா சேலையில் இரத்தமும் சீழும் படுகிறது, கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று அழுதாள். அன்றே போய் அழைத்து வந்து ஆஸ்பத்திரியில் காட்டினோம். புண் வெளியே உடைத்துக்கொண்டிருந்தது. நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

வார்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அன்று அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

"நீங்கதான சொன்னிய, எங்க ரத்தத்துல ஓடுதுன்னு. அத வச்சே எம் பிள்ளைய ஒருத்தனும் கட்ட மாட்டேங்கான். இதுவும் ஓடுதுன்னு தெரிஞ்சா? அவளுக்கு ஒரு வழி பண்ணிட்டு, பொறவு காமிச்சுக்கிடலாம்னு இருந்துட்டேன்" என்றாள். மூச்சு வாங்கியது. இளைப்பு ஆறியதும், "உங்கமேல வருத்தம் இல்ல, டாக்டரம்மா. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னிய" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பங்குனியில் இறந்துபோனாள். நான் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சீட்டு எழுதிக் குடுத்தியே, எந்தச் சோதனையப் பாத்து எழுதின?" என்று கேட்டார். எந்தச் சோதனையும் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் இளவயதுப் பார்க்கின்சனுக்கு ஒரு ஜீன் காரணம் என்று வெளிநாட்டில் கண்டுபிடித்தார்கள். நாங்கள் பத்து வருடமாகக் குளிரில் வைத்திருந்த குப்பிகளை வெளியே எடுத்தோம். முருகேசனுக்கும் செல்வத்துக்கும் அந்த ஜீனின் அப்பா வழிப் பிரதி, அம்மா வழிப் பிரதி இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பழுது. வேலம்மாளுக்கு ஒன்றில். கருப்பசாமிக்கும் ஒன்றில். சந்தோஷப்பட்டேன். ஆமாம், மறைக்காமல் சொல்கிறேன், என் ஊகம் சரி என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் மாரியம்மாளுடையது வந்தது.

அவளுக்குப் பழுதே இல்லை. இரண்டு பிரதியும் சுத்தம்.

மூன்று முறை திரும்பச் செய்தோம். குப்பி மாறிவிட்டதோ என்றுகூடப் பார்த்தேன். மாறவில்லை. அப்படியென்றால் அவள் கருப்பசாமியையே கட்டியிருக்கலாம். பத்துப் பிள்ளை பெற்றிருந்தாலும் ஒன்றுக்கும் அந்த நோய் வந்திருக்காது. பன்னிரண்டில் ஒன்றும் இல்லை, ஆயிரத்தில் ஒன்றும் இல்லை.

ஆராய்ச்சி முடிவை அவளிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று என்னோடு வேலை செய்தவர்கள் கேட்டார்கள். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, இன்னும் ஒரு நோகடிப்புத்தானே என்றார்கள். நியாயமான பேச்சுதான். இன்று உங்களுக்கு இதற்கெல்லாம் விதிகள் இருக்கின்றன, குழு இருக்கிறது. அன்று எனக்கு நானேதான். இரண்டு வாரம் தூக்கமில்லாமல் யோசித்தேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிக் கெடுத்தவள், தெரிந்ததை இப்போது மறைத்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை என்று பட்டது. கிளம்பினேன். ஜீப்பைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, அரை டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நடந்தேன்.

மாரியம்மாளுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. முன்தலையில் நரை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். இரண்டு கட்டில்களில் இரண்டு அண்ணன்மார். ஒருவனைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சுவரில் வேலம்மாளின் படம், மாலையோடு.

சொன்னேன். சுற்றி வளைக்காமல், உனக்கு அந்தக் குறை கிடையாது, கிடையவே கிடையாது, நான் அன்று சொன்னது தப்பு என்று சொன்னேன்.

அவள் மெஷினின் சக்கரத்தில் கையை வைத்தபடியே இருந்தாள்.

"அப்போ மாமாவக் கட்டியிருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காது."

"பிள்ளைகளுக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது, மாரி."

அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் படத்துக்குப் பின்னாலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வந்தாள். நான் எழுதிய சீட்டு. மடிப்பில் கிழிந்து, மஞ்சளாகிப் போயிருந்தது. "அம்மா இத இம்புட்டு வருசமும் வச்சிருந்தா. இத நீங்க வாங்கிக்கிடுங்க. இப்பம் சொன்னத ஒரு தாள்ல எழுதித் தாங்க" என்றாள்.

"யாருகிட்டயாவது காட்டணுமா?"

"யாருகிட்ட காட்ட? அம்மா பேருக்கு எழுதுங்க. அவதான் கேட்டா."

வேலம்மாளுக்கு என்று மேலே எழுதினேன். உங்கள் மகள் மாரியம்மாளுக்கு எந்தக் குறையும் இல்லை, நான் முன்பு எழுதிக் கொடுத்தது தவறு, அதை எழுத எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. இவ்வளவையும் எழுதி முடிப்பதற்குள் எழுத்து கோணலாகப் போயிற்று.

"என்னக்கா, உங்க கையும் ஆடுது?" என்று சிரித்தாள் மாரியம்மாள். அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நான்தான் அழுதேன். அவள் தாளை மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகினாள். உள்ளே முருகேசன் மாத்திரைக்கு முனகினான். போய்க் கொடுத்துவிட்டு வந்து, என் பையை எடுத்துக் கையில் தந்தாள்.

அவளுடைய அம்மா வைத்திருந்த அந்தப் பழைய சீட்டு இப்போதும் என் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் எடுக்கவில்லை. யாராவது உங்களிடம் வருமா, வராதா என்று கேட்கும்போது, தெரியவில்லை என்று சொல்ல வாய் கூசினால், ஒரு நடை வந்து அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்று கிளம்பும்போது மாரியம்மாள் வாசல் வரை வந்தாள். நல்ல உச்சி வெயில். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஜீப்பு எங்கக்கா?"

"பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்தேன்."

"இந்த வெயில்லயா நடந்து வந்திய? வாசலுக்கே கொண்டாந்திருக்கலாம்லா" என்றாள். "இனிமே இங்க யாரு பொண்ணு பாக்க வரப்போறா?"